ஊடகத் திட்டமிடலிலிருந்து வணிகவியல் வகுப்பறைக்கு

விளம்பரம் என்றதும் படமும் வாசகமும்தான் நம் நினைவுக்கு வரும். அதை எங்கே, எப்போது, எத்தனை முறை வெளியிடுவது என்று முடிவு செய்வது தனி வேலை. அதன் பெயர் ஊடகத் திட்டமிடல். பி.எட். முடித்து அரசுப் பள்ளிக்கு வருமுன் சென்னையில் சில ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன். இன்று ஆற்காடு பகுதியில் மேல்நிலை மாணவர்களுக்கு வணிகவியல் கற்பிக்கிறேன். பழைய தொழிலின் மூன்று கேள்விகள் இன்றும் கைகொடுக்கின்றன: விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடையும்? ஒருவர் அதை எத்தனை முறை பார்ப்பார்? ஆயிரம் பேரை அடைய என்ன செலவாகும்?

வகுப்பில் நான் தரும் கணக்கு இது. உள்ளூர்க் காலணிக் கடைக்கு நாளிதழ் விளம்பரம் 12,000 ரூபாய். பார்ப்பவர்கள் 60,000 பேர். பேருந்து நிறுத்தத்தில் விளம்பரத் தட்டி 1,500 ரூபாய். பார்ப்பவர்கள் 3,000 பேர். ஆயிரம் பேருக்கு முன்னது 200 ரூபாய், பின்னது 500 ரூபாய். நாளிதழே மலிவு என்பார்கள் மாணவர்கள். கடைக்கு வரக்கூடியவர்கள் நாளிதழில் 3,000 பேர், தட்டியில் 1,500 பேர் என்று அடுத்த வரியைச் சேர்ப்பேன். இப்போது ஆயிரம் பேருக்கு 4,000 ரூபாய், 1,000 ரூபாய். கணக்கு தலைகீழாகிவிடும். யாருக்குச் சொல்கிறோம் என்பதே முதல் கேள்வி என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் வட்டாரத்தில் பல பிள்ளைகளின் தாய்மார் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். “அம்மா தைக்கும் ஷூவில் ஏன் வெளிநாட்டுப் பெயர்?” என்ற கேள்வியிலிருந்து வணிகக்குறி, விளம்பரச் செலவு, சில்லறை விற்பனையாளர் இலாபம் ஆகிய பாடங்களைத் தொடங்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். மாணவர்கள் விளம்பரங்களைச் சேகரித்து, அவற்றில் எது நிரூபிக்கத்தக்க செய்தி, எது வெறும் புகழ்ச்சி எனப் பிரிப்பது நல்ல செயல்பாடு.

மாணவர் சேர்க்கைக்கும் இதே சிந்தனை உதவும். பகலில் வீடு வீடாகச் சென்றால் பூட்டிய கதவுகளே அதிகம். மாலையில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும் இடத்தில் பெற்றோரைச் சந்திக்கலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு, உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. இதை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பெண்ணின் தாய்க்கு அப்போதே சொல்ல வேண்டும். அவர் எட்டாம் வகுப்பில் கேள்விப்பட்டால் காலம் கடந்திருக்கும். ஆகவே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இச்செய்தியை ஏப்ரல் மாதப் பெற்றோர் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.