லாட்ஜ் கதவைத் திறந்து வெளியே வாங்க சார்!

ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறவர்களின் சாயங்காலம் இருக்கிறதே, அது தனி ரகம். ஆறு மணிக்கு வேலை முடியும். ஆறரைக்கு லாட்ஜ். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டி.வி. ரிமோட்டை எடுத்தால் பேட்டரி இருக்காது. வீட்டுக்கு ஒரு போன். "சாப்டீங்களா?" "ஆச்சு." (பொய்!) அப்புறம் மல்லாந்து படுத்துக்கொண்டு ஃபேனுக்கு எத்தனை இறக்கை என்று எண்ணுவது. சிலருக்கு அந்த மூன்று இறக்கை ஆறாகத் தெரிகிற அளவுக்கு ராத்திரி முற்றிவிடுவதும் உண்டு. டாஸ்மாக்குக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதில் தனிமையை மிஞ்சிய ஏஜென்ட் கிடையாது.

எனக்குத் தெரிந்த சர்வீஸ் எஞ்சினியர் ஒருவர். கம்பெனி அவரை ஒரு தடவை நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊருக்கு அனுப்பியது. 1891-ல் பிலிப்ஸ் கம்பெனி தொடங்கி, பல்பு செய்து பிழைத்த ஊர். போன முதல் ராத்திரியே குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்திருக்கிறார் மனிதர். ஆறு மணிக்கே முக்கால்வாசிக் கடையை மூடிவிடுகிறார்களாம். வீட்டு ஜன்னலுக்குத் திரைகூடப் போடாமல், வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களாம். சைக்கிளுக்குத் தனி ரோடாம். அரை மணி நேரம் மூச்சு விடாமல் சொன்னார்.

"சரி, வருஷத்துக்கு ஆறு தடவை ராஜபாளையம் போறீங்களே, அங்க ராத்திரி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"கொசு ஜாஸ்தி சார்!"

அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அவருக்கும் அவர் வர்க்கத்துக்கும். ஆடிட்டுக்குப் போகிறவர்கள், மெடிக்கல் ரெப்கள், பேங்க் இன்ஸ்பெக்ஷன்காரர்கள், மில்லுக்கு மெஷின் மாட்டப் போகிற பையன்கள் எல்லாரும் வரலாம்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர்தான். ஒரே மாவட்டம், ஒரே மேற்கு மலை, ஒரே மதுரை - தென்காசி ரோடு. ஆனால் ராத்திரி ஆனால் இரண்டும் வேறு வேறு ஊர். ஒன்று ஷிப்டு பார்த்துத் தூங்கும். இன்னொன்று கோயில் நடை சாத்துவதைப் பார்த்துத் தூங்கும்.

முதலில் ராஜபாளையம். பகலில் இந்த ஊரைப் பார்த்தால் லாரியும் தூசியும் தவிர ஒன்றும் தெரியாது. ஒன்பது மணிக்கு மேல் பஞ்சு மார்க்கெட் பக்கமோ காந்தி சிலை பக்கமோ நடந்து பாருங்கள். பரோட்டாக் கடையில் தோசைக்கல்லின் மேல் இரண்டு தகடு தாளம் போடும். விருதுநகர் பாணியில் எண்ணெயில் பொரித்த பரோட்டா கிடைத்தால் விடாதீர்கள். சால்னாவை ஊற்றி ஊற வைத்துவிடாமல், முறுமுறுப்பு போவதற்குள் முடித்துவிட வேண்டும். டாக்டர் கொலஸ்ட்ரால் என்று சொல்லியிருந்தால் பக்கத்து டேபிளைப் பார்த்துக்கொண்டு இட்லி சாப்பிடவும்.

ஊரின் நிஜ முகம் அதற்கப்புறம்தான் தெரியும். 1930-களில் இருந்தே இது நூல் மில் ஊர். மில்லுக்கு ராத்திரி, பகல் ஏது? ஷிப்டு மாறுகிற நேரம் மில்லுக்கு மில் வித்தியாசப்படும். எந்த நேரமாக இருந்தாலும் அப்போது டீக்கடையில் வந்து நிற்கிறவர்களைப் பாருங்கள். தலைமுடியில், புருவத்தில், சட்டைக் காலரில் பூப்போலப் பஞ்சு ஒட்டியிருக்கும். எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றவர்கள் என்பதால் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்கள். சண்டை என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள்.

மில் வேன்களில் பெண்களும் வந்து இறங்குவார்கள். இது ஒரு தலைமுறைக்கு முன்னால் நடக்காத விஷயம். ராத்திரி ஷிப்டில் பெண்களை வைக்கக் கூடாது என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு கதவு திறந்தது. திறந்த கதவு வழியாகச் சம்பளமும் வந்தது, தூக்கக் கேடும் வந்தது. அது நல்லதா கெட்டதா என்று நாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வேனில் இருந்து இறங்குகிறவர்கள் முகத்தில் அசதியும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது.

இந்த டீக்கடையில் ஒரு சௌகரியம். வேறு ஊரில் பதினொரு மணிக்கு ஒருவன் தனியாக நின்றால், "யார்றா இவன்?" என்று பார்ப்பார்கள். இங்கே நீங்களும் வேலை முடிந்து வந்த இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

"சார் எந்த மில்லுக்கு வந்திருக்கீக?"

"மெஷின் சர்வீஸுங்க."

"அப்படியா... கரன்ட் போய்ப் போய் வருது அண்ணாச்சி, மெஷின் என்ன செய்யும்?"

பேச்சு கிளம்பிவிட்டது. அடுத்த டீக்கு அவர் காசு கொடுப்பார். நீங்கள் தடுத்தால் கோபம் வரும்.

பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஒரு ஊர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணிக்குப் பேர் போன இடம். நமக்கு அடிபட்டால் ஞாபகம் வருவது டாக்டர். இனி கொஞ்சம் சத்திரப்பட்டித் தறிக்காரரையும் நினைத்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது காதில் தெலுங்கு விழுந்தால் பஸ் மாறி ஏறிவிட்டோமோ என்று பயப்படாதீர்கள். விஜயநகரக் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர் இது. வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர்தான் பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர். 1950-ல் குடியரசு வந்தபோது முதலமைச்சர். தம் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். ராத்திரி வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். முதலமைச்சராக இருந்தவர் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போன செய்தியை நாம் அடிக்கடி படிப்பதில்லை!

அவரை 1952 தேர்தலில் தோற்கடித்த தொகுதி எது தெரியுமா? பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர். அதே தேர்தலில் அதே ஊரின் பெயரில் இருந்த நாடாளுமன்றத் தொகுதி காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது. வாக்காளர் கணக்கே தனிக் கணக்கு சார்.

நாய் விஷயம் சொல்லாமல் விட்டால் ராஜபாளையத்துக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். வெள்ளை வெளேர் உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு. 2005-ல் தபால் துறை ஸ்டாம்ப்பே போட்டது. ராத்திரி தெருவில் உங்களைத் துரத்துகிறது எல்லாம் அந்த ஜாதி இல்லை. அது சாதாரணத் தெரு நாய்தான், ஓடாமல் நில்லுங்கள். அசல் ராஜபாளையம் காம்பவுண்டுக்கு உள்ளே இருக்கும். அது வெளியே வந்து துரத்தினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

மறுநாள் ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர். ஏழு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிடுங்கள். இங்கே தாமதமாகப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. இருட்டில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே தூரத்தில் வெளிச்சமாக நிற்கும் கோபுரம். 11 நிலை, 192 அடி. கிட்டத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடிக்கும். பொம்மைக் கூட்டம் இல்லாத, கச்சிதமான கோபுரம். பகலைவிட ராத்திரி விளக்கில்தான் அதன் அழகு எடுபடும் என்பது என் கட்சி.

தமிழக அரசின் சின்னத்தில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். சின்னத்தை வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் மதுரை மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று இன்னொரு தரப்பும் இருக்கிறது. அதை ரத வீதி டீக்கடையில் எடுத்துவிடாதீர்கள். டூர் பில்லில் ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்க்க ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோபுரம் வடபத்ரசாயி கோயிலுக்கு. ஆண்டாள் சந்நிதி தனி. இரண்டுக்கும் நடுவே, பெரியாழ்வார் துளசியடியில் குழந்தையைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனம். ஆண்டாள் கையில் உள்ள கிளியைக் கவனியுங்கள். அது தினம் தினம் புதுசு! இலையில் உடம்பு, மாதுளம் பூவில் மூக்கு. நேற்றுச் செய்ததை இன்றைக்கு வைப்பதில்லை. நாம் போன மாத ரிப்போர்ட்டில் தேதியை மாற்றி அனுப்புகிறோம்.

டூர் என்றால் ஆண்டாள் மாலைக்கும் உண்டு. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி, சித்திரையில் கள்ளழகருக்காக மதுரை. சூடிக் கொடுத்த மாலை என்பதால் அங்கே காத்திருந்து வாங்கிக்கொள்கிறார்கள். அலவன்ஸ் தகராறு எதுவும் இல்லாத டூர்.

வெளியே வந்தால் பால் வாசனை. சாயங்காலப் பால் இறங்கின பிறகு விறகு அடுப்பில் அகலமான சட்டி ஏறும். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. மற்றதெல்லாம் கை. அடி பிடிக்காமல் ஒரு ஆள் விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து லிட்டர் பால் சுண்டி மூன்று கிலோ சொச்சம்தான் தேறும். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் ஊர் பேரை ஒட்டி வழியெல்லாம் விற்கிற டப்பாவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இங்கே வந்து, "இன்னைக்குக் கிண்டினதா?" என்று கேட்டு, சூடு ஆறாமல் வாழையிலைத் துண்டில் ஐம்பது கிராம் வாங்கி, தேரடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவே வேறு பண்டம். வீட்டுக்கு வாங்குவதைக் கிளம்புகிற அன்றைக்கு வாங்கலாம். முதல் நாளே வாங்கினால் லாட்ஜில் பாதி காலியாகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிலா வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று செண்பகத்தோப்புப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காக ஒதுக்கிய காடு, 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். ராத்திரி ஷிப்டில் அங்கே இருப்பவர்களுக்கு டீ குடிக்கும் பழக்கம் இல்லை.

பத்து மணிக்கு ரத வீதி அடங்கிவிடும். ராஜபாளையம் திரும்ப ரோட்டுக்கு வந்தால் தென்காசி பஸ் எப்படியும் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்குவதானால் ரூம் எடுக்கும்போது மாசம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி என்றால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே ஸ்பீக்கரில் திருப்பாவை வந்து எழுப்பிவிடும். ஜன்னல் கோயில் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று முதலிலேயே மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். நான் கோயில் பக்கம் கேட்பேன். எங்கள் சர்வீஸ் எஞ்சினியர் எந்தப் பக்கம் கேட்பார் என்று உங்களுக்கே தெரியும்.