பிடித்து நிறுத்தும் வேளையில்



சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரிசல் பகுதியில் நான் தாளாளராக இருந்த ஒரு பள்ளியில் நடந்தது இது. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், மதிய உணவுக்கு மணி அடித்ததும் கத்தத் தொடங்கினான். தட்டுகளை வீசினான், சுவரில் தலையை முட்டினான். ஆசிரியர்கள் இருவர் அவனைத் தரையில் குப்புறக் கிடத்தினர். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். நான் ஓடி வந்தபோது அவன் அசைவின்றிக் கிடந்தான். "அடங்கிட்டான் ஃபாதர்" என்றார்கள். நானும் நிம்மதியடைந்தேன். புரட்டிப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இறையருளால் பிழைத்துக்கொண்டான்.

அன்று எங்களில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. பிடிப்பது எப்படி என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூச்சிழுக்க நெஞ்சு விரியவேண்டும், வயிறு அசையவேண்டும். குப்புறக் கிடக்கும் பிள்ளையின் முதுகில் பாரம் ஏறினால் இரண்டும் நடவாது. காற்றுக்காக அது திமிறும். நாமோ முரண்டு பிடிக்கிறது என்றெண்ணி இன்னும் அழுத்துவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2002-ஆம் ஆண்டு, இடத்தில் உட்கார மறுத்த 14 வயது மாணவன் ஒருவன், ஆசிரியை அவன்மேல் படுத்து அழுத்தியதால் வகுப்பறையிலேயே இறந்தான். "மூச்சு முட்டுது" என்று பிள்ளை சொன்னால், "பேச முடிகிறதே" என்று வாதாடாமல் கையை எடுத்துவிடுங்கள்.

பிரம்பைத் தமிழக அரசு 2003-லேயே விலக்கிவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று அப்பிரிவு சொல்வதில்லை. மனநல மருத்துவமனைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், தேவையான நேரம் மட்டும். தண்டனையாகவோ ஆள் பற்றாக்குறையாலோ கூடாது. சங்கிலிக்கு அறவே இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை நாம் மறக்கமுடியுமா? பேய் பிடித்திருக்கிறது என்று பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்து வந்து, கட்டிப்போடச் சொல்லும் பெற்றோரை நான் இன்றும் சந்திக்கிறேன்.

மருத்துவமனைக்குரிய அந்த அளவுகோல் பள்ளிக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. முதலில் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கல், காம்பஸ் போன்றவற்றை அகற்றுங்கள். ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், சற்றுத் தள்ளி நின்று பேசட்டும். பெரும்பாலும் புயல் தானே ஓயும். சுவரில் முட்டினால் இடையில் ஒரு புத்தகப் பையை வைத்தாலே போதும். தண்டவாளத்தை நோக்கியோ கிணற்றை நோக்கியோ ஓடினால் பிடிக்கத்தான் வேண்டும். அப்போதும் பக்கவாட்டில் நின்று, நின்ற நிலையிலோ உட்கார்ந்த நிலையிலோ, மேற்கையையும் முன்கையையும் பிடியுங்கள். கழுத்து, நெஞ்சு, மூட்டு ஆகியவற்றைத் தொடவேண்டாம். கையை முறுக்குவது, துப்பட்டாவால் கட்டுவது, அறையில் பூட்டுவது எதுவும் வேண்டாம். இன்னொருவர் பிள்ளையின் முகத்தையும் மூச்சையும் கவனிக்கட்டும். திமிறல் தளர்ந்ததும் விட்டுவிடுங்கள். நடந்ததை எழுதி வைத்து, அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு என்றால் கதையே வேறு. அப்போது பிடிக்கவே கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

புனித தொன் போஸ்கோ தம் முன்தடுப்புக் கல்விமுறையை 1877-இல் எழுதி வைத்தார். குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனால் அந்தச் சிறுவனைப் பற்றி அவன் தாயிடம் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்த அவர், "சின்னதுலயிருந்தே மணிச் சத்தம் அவனுக்கு ஆகாது ஃபாதர்" என்றார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் திடீர் ஓசை தாங்கமுடியாத வேதனை தரும் என்பதைப் பின்னர் மருத்துவர் விளக்கித்தான் அறிந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து, மணி அடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பே அவனைச் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப்போய்விடுவார்கள். தட்டுகளை எடுத்து அடுக்குவது அவன் வேலையாயிற்று.