நன்கொடையாளர் ஆய்வு

நன்கொடையாளர் ஆய்வு என்பது, இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று தன் பணிக்கு நிதி கேட்பதற்கு முன், யாரிடம் கேட்கலாம், எதற்காகக் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்பவற்றை முறையாகக் கண்டறியும் பணியாகும். பள்ளி, மருத்துவமனை, நூலகம், முதியோர் இல்லம், பல்கலைக்கழகம் போன்றவை நிதி திரட்டும்போது இதுவே முதற்கட்டமாக அமைகிறது. கொடை அளிக்கக்கூடும் எனக் கருதப்படும் தனிநபர், நிறுவனம் அல்லது அறக்கட்டளை 'வாய்ப்புள்ள கொடையாளர்' எனப்படும்.

ஊரில் உள்ள செல்வந்தர்களின் பெயர்களைத் தொகுப்பதே இந்த ஆய்வு என்று கருதப்படுவதுண்டு. ஆனால் செல்வம் அதில் ஓர் அளவுகோல் மட்டுமே. அமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத கோடீசுவரரைவிட, அதன் பணியை நேரில் அறிந்த நடுத்தர வருவாய்க்காரர் கொடுப்பதற்கான வாய்ப்பே பெரும்பாலும் அதிகம்.

பின்னணி

கொடையாளரை வகைப்படுத்திக் கேட்கும் வழக்கம் பழமையானது. 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் வழிபாட்டுக் கூடம் ஒன்றைக் கட்ட விரும்பிய கில்பர்ட் டென்னன்ட் என்ற சமயகுரு, பெஞ்சமின் பிராங்கிளினிடம் உதவி கேட்டார். தாராள மனம் கொண்டவர்களின் பெயர்ப் பட்டியலையாவது தருமாறு அவர் வேண்டியபோது பிராங்கிளின் மறுத்துவிட்டார். தாம் கேட்டபோது மனமுவந்து கொடுத்தவர்களைப் பிறர் தொல்லைப்படுத்த வழிசெய்வது முறையன்று என்பது அவர் கருத்து. அதற்குப் பதிலாக ஓர் அறிவுரை மட்டும் கூறினார்: கட்டாயம் கொடுப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும், கொடுப்பார்களா என்ற ஐயத்துக்குரியவர்களிடம் அடுத்துச் சென்று, முன்பு கொடுத்தவர்களின் பட்டியலைக் காட்ட வேண்டும், கொடுக்கவே மாட்டார்கள் என்று எண்ணுபவர்களையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் அவர்களுள் சிலரைப் பற்றிய கணிப்பு தவறாக இருக்கலாம். பிராங்கிளின் தம் தன்வரலாற்றில் இதைப் பதிவு செய்துள்ளார்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இதற்கெனத் தனிப் பணியாளர்களை அமர்த்தின. 1980களின் பிற்பகுதியில் அங்கு இத்துறையினருக்கான தொழில்முறைச் சங்கம் உருவானது.

மூன்று அளவுகோல்கள்

அமெரிக்க நிதி திரட்டல் பயிற்சியாளர் ஹென்றி ரோசோவின் பெயரோடு இணைத்துக் கூறப்படும் மூன்று அளவுகோல்கள் இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன.

1. தொடர்பு: அமைப்போடு அவருக்கு உள்ள உறவு. முன்னாள் மாணவர், சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தினர், தன்னார்வலர், நிர்வாகக் குழு உறுப்பினரின் நண்பர் முதலியோர் இதில் அடங்குவர்.
2. இயல்திறன்: கேட்கப்படும் தொகையைக் கொடுக்கும் பொருளாதார நிலை.
3. ஈடுபாடு: அமைப்பு செய்யும் பணியின்மீது அவருக்குள்ள அக்கறை. ஒருவர் முன்பு எவ்வகைப் பணிகளுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதே இதற்குச் சிறந்த சான்று.

மூன்றும் ஒருசேர அமைந்தவரே முதல்நிலை வாய்ப்பாளர். தொடர்பும் ஈடுபாடும் உள்ளவரிடம் சிறிய தொகையையேனும் எதிர்பார்க்கலாம். இயல்திறன் மட்டும் உள்ளவரிடம் உடனே பணம் கேட்பதைவிட, அமைப்பின் பணியை முதலில் அறிமுகப்படுத்துவதே முறையாகும்.

தேவையைக் கணக்கிடுதல்

ஆய்வு தொடங்கும் முன் எத்தனை கொடைகள் தேவை என்பதைக் கணக்கிட வேண்டும். ஒரு பள்ளி நூலகக் கட்டடத்துக்கு 20 இலட்சம் ரூபாய் தேவை என்று கொள்வோம். அதைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

4 இலட்சம் × 1 கொடை = 4 இலட்சம்
2 இலட்சம் × 2 கொடைகள் = 4 இலட்சம்
1 இலட்சம் × 4 கொடைகள் = 4 இலட்சம்
50,000 × 8 கொடைகள் = 4 இலட்சம்
5,000 × 80 கொடைகள் = 4 இலட்சம்

மேல் நான்கு வரிகளில் 15 கொடைகளே உள்ளன. ஆனால் மொத்தத் தொகையில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றிலிருந்து வருகிறது. கேட்கப்படும் அனைவரும் கொடுப்பதில்லை என்பதால், ஒரு கொடைக்கு மூன்று அல்லது நான்கு பெயர்கள் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. எனவே இந்த 15 கொடைகளுக்கு 45 முதல் 60 பேரை ஆராய வேண்டியிருக்கும். அத்தனை பெயர்கள் கிடைக்கவில்லையெனில் திட்டத்தின் அளவையோ காலத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டடம் பாதியில் நின்றுபோகாமல் காப்பது இந்தக் கணக்கே.

தகவல் மூலங்கள்

அமைப்பின் சொந்தப் பதிவேடுகளே முதன்மையானவை. பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள், ஆண்டுவிழா வருகைப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றிலிருந்து பெரும்பாலான பெயர்கள் கிடைக்கும். கடைசியாகக் கொடுத்தது எப்போது, எத்தனை முறை கொடுத்துள்ளார், எவ்வளவு கொடுத்துள்ளார் என்ற மூன்று கேள்விகளால் பழைய கொடையாளர்களை வரிசைப்படுத்தலாம். பத்து ஆண்டுகளாகத் தவறாமல் 500 ரூபாய் அனுப்பும் ஒருவர், ஒரே முறை 10,000 ரூபாய் கொடுத்து மறந்துவிட்டவரைவிட நெருக்கமானவராக இருக்கக்கூடும்.

வெளி மூலங்களில் பிற அமைப்புகளின் ஆண்டறிக்கைகள், கல்வெட்டுகளிலும் விழா மலர்களிலும் உள்ள கொடையாளர் பெயர்கள், நாளிதழ்ச் செய்திகள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் ஆகியவை அடங்கும். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் வருமான வரித்துறைக்கு அளிக்கும் 990-பிஎஃப் படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. அவை யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்பதை அதில் காணலாம்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் மூலம் பெருநிறுவன சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) செலவைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என அது வரையறுத்தது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை அளிக்கவும் சட்டம் கூறுகிறது. எனவே தொலைதூரத் தலைமையகத்தைவிட, அருகிலுள்ள தொழிற்சாலையிலிருந்து தேடலைத் தொடங்குவது பயன் தரும். நிதி பெறும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள் ஆகியோரின் பங்களிப்பைப் பெறத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது.

வெளிநாட்டுக் கொடையாளர்கள்

வெளிநாட்டில் வாழ்பவரை ஆராயும்போது அவரது குடியுரிமையை அறிவது இன்றியமையாதது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை)ச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்திய வம்சாவளியினராக இருந்தாலும் அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பே. அதைப் பெற அச்சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ தேவை. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற அமைப்பும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கிலேயே அதைப் பெற முடியும்.

எடுத்துக்காட்டு: ஹார்வர்டு தமிழ் இருக்கை

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் வாழும் இரு தமிழ் மருத்துவர்கள் தலா 5 இலட்சம் டாலர் அளித்து இம்முயற்சியைத் தொடங்கினர். பின்னர் பல நாடுகளின் தமிழ்ச் சங்கங்கள் வழியாகக் கொடைகள் திரட்டப்பட்டன. தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. 2018இல் இலக்கு எட்டப்பட்டது. மொழிப்பற்று என்ற ஈடுபாடும், சங்கங்கள் என்ற தொடர்பும் முன்பே இருந்ததால், தொடக்கத்தில் கிடைத்த பெரிய கொடைகளைக் காட்டிப் பிறரை அணுக முடிந்தது.

தனியுரிமையும் அறநெறியும்

கொடையாளரைப் பற்றித் தேவைக்கு மேல் தகவல் திரட்டுவது நம்பிக்கையைக் குலைக்கும். பிரித்தானியாவில் 2016 டிசம்பரில் தகவல் ஆணையர், விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்கு 25,000 பவுண்டும், பிரித்தானிய இதய அறக்கட்டளைக்கு 18,000 பவுண்டும் தண்டம் விதித்தார். கொடையாளர்களுக்குத் தெரிவிக்காமல் அவர்களது செல்வநிலையைத் தனியார் நிறுவனங்களைக் கொண்டு மதிப்பிட்டதும், அவர்களது விவரங்களைப் பிற அமைப்புகளோடு பகிர்ந்ததும் குற்றச்சாட்டுகளுள் அடங்கும். 2017 ஏப்ரலில் மேலும் 11 அமைப்புகள் தண்டனைக்கு உள்ளாயின. இந்தியாவில் தனிநபர் விவரங்களைக் கையாளுவதற்கென 2023ஆம் ஆண்டில் எண்ணிம வடிவிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

எனவே கொடையாளர் பற்றிய கோப்பில் பொதுவெளியில் உள்ளவையும் அவரே கூறியவையும் மட்டுமே இடம்பெற வேண்டும். குடும்பச் சச்சரவு, நோய், செவிவழிச் செய்தி ஆகியவற்றை எழுதக் கூடாது. பெயர்ப் பட்டியலைப் பிற அமைப்புகளுக்குக் கொடுக்கக் கூடாது. பணியிலிருந்து விலகுபவர் அதை எடுத்துச் செல்லவும் கூடாது. கொடையாளர் தம்மைப் பற்றிய கோப்பைப் பார்க்க நேர்ந்தால் அவர் மனம் புண்படுமா என்பது ஒவ்வொரு குறிப்பையும் எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வியாகும்.