வரம் கேட்கத் தெரியாத காதலி!

'காலம் பூரா உன்கூடவே இருக்கணும்'னு காதலில் யார்தான் சொல்லலை? கிரேக்கப் புராணத்தில் ஒரு தேவதை அதை நிஜமாகவே வரமாகக் கேட்டாள். என்ன ஆச்சு தெரியுமா?

அவள் பெயர் ஈயோஸ். விடியலின் தேவதை. ட்ராய் நகரத்து இளவரசன் டித்தோனஸ் மேல் அப்படியொரு காதல். ஆளையே தூக்கிட்டுப் போயிட்டாள்! அப்புறம் கடவுள்களின் தலைவர் ஜீயஸிடம், 'இவனுக்குச் சாவே வரக் கூடாது' என்று கேட்டாள். வரம் கிடைத்தது. ஆனா, 'இளமையும் மாறக் கூடாது' என்று சேர்த்துக் கேட்க மறந்துட்டாள் அம்மணி.

முதல் நரை தெரிந்ததுமே அவன் படுக்கைப் பக்கம் போவதை நிறுத்தினாள். சாப்பாடு, துணிமணிக்கு மட்டும் குறைவில்லை. அவனால் கைகாலைக்கூட அசைக்க முடியாமல் போனதும், ஒரு அறையில் கிடத்திக் கதவைச் சாத்தினாள். உள்ளே குரல் மட்டும் ஓயவே இல்லை. அவன் சில்வண்டாக மாறிவிட்டான் என்கிறது பின்னால் வந்த கதை.

நிலா தேவதை செலீனியின் காதலன் எண்டிமியான் கதை அப்படியே உல்டா. அவனுக்கு முதுமையும் இல்லை, சாவும் இல்லை. ஆனா, லாட்மஸ் மலைக் குகையில் நிரந்தரத் தூக்கம்!

சுமார் 2,600 வருஷங்களுக்கு முன் வாழ்ந்த பெண் கவிஞர் சாஃபோ, தன் முதுமையைப் பாடும்போது டித்தோனஸைத்தான் நினைத்துக்கொண்டார். அந்தக் கவிதையின் விடுபட்ட பகுதிகள், பழைய பாப்பிரஸ் துண்டுகளிலிருந்து 2004-ல்தான் பதிப்பாகி வெளிவந்தன.

ஈயோஸுக்கும் செலீனிக்கும் நரைக்கவே நரைக்காது. அதனால, காதலனோடு சேர்ந்து கிழவியாகிற பாக்கியம் அவங்களுக்கு இல்லை. உங்களுக்கு அது கேட்காமலே கிடைக்கும் பாஸ்!