இரண்டே இனங்கள் கொண்ட ஒரு தவளைக் குடும்பம்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் ஒருவருக்கு இராமானுசர் நினைவுக்கு வருவார். இன்னொருவருக்கு 1991-ஆம் ஆண்டின் அந்த மே மாத இரவு. இளைஞர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் அணிவகுத்து நிற்கும் கார் தொழிற்சாலைகள். புவியியல் படித்தவர்களுக்கு நான்காவதாக ஒரு ஸ்ரீபெரும்புதூர் உண்டு. இவ்வட்டாரத்தின் களிப்பாறை, மணற்பாறை அடுக்குகளுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்'. பல்லாவரத்தில் 1863-இல் கற்கருவியைக் கண்டெடுத்த அதே இராபர்ட் புரூஸ் ஃபுட், பாலாற்றுக்கு வடக்கே உள்ள இந்நிலப்பகுதியையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சைக்கஸ் மரத்தை ஒத்த, இன்று முற்றாக அற்றுப்போன தாவரங்களின் இலை அச்சுகளும் கடல்வாழ் அம்மோனைட்டுகளின் எச்சங்களும் இப்பாறைகளில் கிடைத்துள்ளன. இவற்றின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். இச்சேறு படிந்துகொண்டிருந்தபோது இந்தியா, மடகாஸ்கர், சேஷெல்ஸ் மூன்றும் ஒரே நிலமாக இருந்தன.

அந்த ஒரே நிலத்துக்கு உயிருள்ள சாட்சி ஒன்று தென்னிந்திய மலைகளின் மண்ணுக்குள் இருக்கிறது என்பது 2003-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த ஒரு தவளையை, எஸ்.டி.பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசுயிட்டும் அவ்வாண்டு அக்டோபர் மாத 'நேச்சர்' இதழில் விவரித்தனர். ஊதா நிறம், ஊதிய உடல், சிறிய தலை, பன்றியினுடையதைப் போலக் கூம்பிய மூக்கு. மூக்கைச் சுட்டும் 'நாசிகா'வையும் தவளையைச் சுட்டும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து நாசிகாபட்ராகஸ் என்றும், சகியாத்திரி மலையின் பெயரால் சகியாத்ரென்சிஸ் என்றும் பெயரிட்டனர். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கறையான் தின்று கழிக்கும் இது, கோடையின் கடைசி மழையில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாள்கள் மட்டும் வெளியே வருகிறது. மலையாளத்தில் இதற்குப் பாதாளத் தவளை என்றும், ஆண்டுக்கொரு முறை பாதாளத்திலிருந்து வரும் மாவேலியின் பெயராலும் வழங்குவது பொருத்தம்தான்.

வியப்பு என்னவென்றால், இதன் தலைப்பிரட்டை அறிவியலுக்குப் புதிதல்ல. பாறையில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுவாய் கொண்ட அந்தத் தலைப்பிரட்டையை, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் 1918-இலேயே விவரித்துவிட்டார். பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தாயைப் பார்க்க 85 ஆண்டுகள் ஆயின.

இத்தவளைக்குப் புதிய இனம், புதிய பேரினம் என்பதோடு நில்லாமல் நாசிகாபட்ராகிடே என்ற புதிய குடும்பமே ஏன் தேவைப்பட்டது? ஒரகடம் பக்கத்து ஏரிக்கரையிலேயே விடையின் ஒரு பாதி இருக்கிறது. நல்ல மழை பெய்த இரவில் இங்கே மண்ணைப் பிளந்துகொண்டு உருண்டையான ஒரு தவளை வெளிவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பலூன் தவளை எனப்படும் யூபெரோடான் வகை அது. அதற்கும் ஊதிய உடல், சிறிய தலை, குட்டைக் கால்கள். அதுவும் மண்ணைத் தோண்டிப் புதைந்திருந்து கறையானும் எறும்பும் தின்பது. படத்தில் பார்ப்பவர்கள் ஊதா தவளையின் தம்பி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால், இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை. பலூன் தவளை, எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட மைக்ரோஹைலிடே என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே தொழில் செய்யும் உடல்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்துள்ளன, அவ்வளவே. உதிரிபாக ஆலையொன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இது எனக்கு எளிதாகவே விளங்கியது: பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு போல்ட்டுகள் எந்த உருக்கிலிருந்து வந்தன என்பது உடைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

மரபணுச் சோதனை காட்டியது இதுதான். ஊதா தவளையின் மிக நெருங்கிய உறவினர் இந்தியாவில் எங்குமே இல்லை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், சேஷெல்ஸ் தீவுகளில் வாழும் சூக்ளோசிடே குடும்பம்தான் அது. நான்கே இனங்கள் கொண்ட சிறு குடும்பம். அவற்றுள் ஒன்று விரல் நகத்தளவே இருக்கும். தவளையால் உப்புக்கடலை நீந்திக் கடக்க முடியாது. ஆகவே தவளை நகரவில்லை, நிலம்தான் நகர்ந்தது. சேஷெல்ஸ் இந்தியாவிலிருந்து பிரிந்தது சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இவ்விரு தவளைக் கிளைகளும் பிரிந்த காலத்தை 2003 ஆய்வு ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள் என்று கணித்தது. பிந்தைய கணிப்புகள் சிலவற்றில் இந்த எண் குறைகிறது என்றாலும், ஸ்ரீபெரும்புதூர் படிவுகளின் காலத்தோடு ஒப்பிடத்தக்க பழமை இது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சற்றுக் கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. செய்திகளில் இதை 'ஆதித் தவளை', 'டைனோசர் காலத் தவளை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். டைனோசர் காலத்தில் மூதாதை இல்லாத தவளை இன்று உலகில் ஒன்றுகூட இல்லை. நம் கிணற்றடித் தவளைக்கும் இருந்தது. உடலமைப்பிலேயே பழமையான கூறுகளைத் தாங்கி நிற்பவை நியூசிலாந்தின் லியோபெல்மா, வட அமெரிக்காவின் அஸ்காபஸ் போன்றவை. பெரும்பாலான தவளைகளுக்கு இடுப்பெலும்புக்கு முன் எட்டோ அதற்குக் குறைவாகவோ முதுகெலும்புகள் இருக்க, அவற்றுக்கு ஒன்பது. வாலே இல்லாவிட்டாலும் வாலை ஆட்டும் தசைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஊதா தவளை அந்தக் கூட்டத்தில் சேராது. உலகத் தவளைகளில் மிகப் பெரும்பான்மை அடங்கும் நவீனத் தவளைகளின் தொகுதியில்தான் அதன் இடம். அதன் சிறப்பு உடலின் பழமையில் இல்லை, கிளையின் தனிமையில் இருக்கிறது.

குடும்பம் என்ற தகுதியும் கல்லில் பொறித்ததன்று. 2006-இல் டேரல் ஃபிராஸ்டும் அவருடைய குழுவினரும் நீர்நில வாழ்விகளின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதியபோது, ஊதா தவளையைச் சேஷெல்ஸ் தவளைகளின் சூக்ளோசிடே குடும்பத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டனர். பின்னர் தனிக் குடும்பம் என்ற கருத்தே நிலைபெற்றது. உறவில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த உறவுக்கு ஒரு கூரையா இரண்டு கூரையா என்பதில்தான். இரண்டு கூரை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இவ்வளவு காலம் தனித்தனியே வாழ்ந்தவற்றை ஒரே பெயருக்குள் அடைத்தால், பட்டியலைப் புரட்டுபவருக்கு அந்தப் பிரிவின் ஆழம் கண்ணில் படாது.

இவ்வளவும் கேரளத்துக் கதை என்று தமிழ்நாடு ஒதுங்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயப் பகுதியிலிருந்து இதே பேரினத்தின் இரண்டாவது இனம் 2017-இல் விவரிக்கப்பட்டது. அதன் பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளராக இருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணியின்போது 2014-இல் உயிரிழந்த சுப்ரமணியம் பூபதியின் நினைவாக இட்ட பெயர். உருவம், குரல், மரபணு ஆகியவற்றில் இரண்டும் வேறுபடுகின்றன. இவற்றைவிட முக்கியமான வேறுபாடு மழை. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவத்தை ஒட்டி முட்டையிட, கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியை நிரப்பும் அதே மழை.

வகைப்பாடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பது இங்கே தெரிகிறது. ஒரே இனம் என்று எண்ணியிருந்தால், கிழக்குச் சரிவின் ஓடைகளையும் மே, ஜூனில் தேடிவிட்டு, எதுவும் இல்லை என்று எழுதியிருப்போம். தலைப்பிரட்டைகள் ஓடும் நீரில் பாறையைப் பற்றிக்கொண்டு மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தாக வேண்டும். இடையில் ஒரு தடுப்பணையோ நீர் திருப்பமோ வந்தால் அவ்வாண்டுத் தலைமுறை அத்தோடு முடிந்தது.

எங்கள் தொழில் வழித்தடத்திலும் இதே பிழைக்கு இடமுண்டு. பெருந்திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு வழக்கமாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. காற்றுத் தூசியை அளக்க அது சரி. மழை தூசியைக் கழுவிவிடும். அதே வாரங்களில் உயிரினக் கணக்கும் எடுக்கப்படும்போது பலூன் தவளை மண்ணுக்கடியில் உறங்குகிறது. நம்முடைய தவளைக்கு எழுநூறு உறவினர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஓரளவு தாங்கும். பூபதி தவளைக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஓர் உடன்பிறப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் 2021-இல் புலிகள் காப்பகமாகிவிட்டன. காப்பகத்துக்குள்ளும் அதன் அடிவாரத்திலும் ஓடையில் கைவைக்கும் எந்தப் பணிக்கும் முன்னால், அக்டோபருக்குப் பின் ஒருமுறை பாறைகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்ற ஒரு வரியை வனத்துறை விதியாக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை. நனைவதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.