உங்களுக்குத் தெரியுமா? பீங்கான் ஃபியூஸுக்குள் ஒரு கற்பனை எண்!

நல்லூர், வேப்பூர், விருத்தாசலம் பக்கத்து பி.எஸ்சி. கணித மாணவர்களே! 'காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்' பேப்பர் என்றதும் பேயறைந்த மாதிரி ஆகிவிடுகிறதா? அந்தப் பேப்பருக்குள் புதைந்து கிடப்பதைக் கொஞ்சம் தோண்டி எடுத்து வந்திருக்கிறேன். அசந்து போகாதீர்கள்!

நம் பிளஸ் டூ புத்தகத்தில் 'கலப்பு எண்'. இலங்கைப் புத்தகத்தில் அதுவே 'சிக்கலெண்'! ஆக, நம்ம நல்லூரில் கலப்பு, யாழ்ப்பாணத்து நல்லூரில் சிக்கல்! அரியர் வைத்தவர்களைக் கேட்டால் யாழ்ப்பாணத்துப் பெயருக்குத்தான் ஓட்டு!

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் 'ஐ'. கற்பனை எண் என்பார்கள். கண்ணால் பார்க்கவே முடியாதா? குயவர் சக்கரம் ஒன்று போதும்! சக்கரத்தின் விளிம்பு ஓரமாக, ஈரக் களிமண்ணில் நகத்தால் ஒரு புள்ளி வையுங்கள். 'ஐ'யால் ஒரு முறை பெருக்குவது என்றால், சக்கரத்தைக் கால் சுற்று சுற்றுவது. இரண்டு முறை பெருக்கினால் புள்ளி நேர் எதிரே போய் நிற்கும். அதுதான் மைனஸ் ஒன்று! நான்கு முறை பெருக்குங்கள், புள்ளி புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்!

'ஐ'க்கு 'ஐ'யையே அடுக்காகப் போட்டால்? கற்பனை மாயமாகி மெய்யெண் வந்து நிற்கும். விடை 0.2079 சொச்சம்! அதோடு விடாது, இன்னும் முடிவில்லாத விடைகள் உண்டு. அத்தனையும் மெய்யெண்கள்!

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் எல்லாமே ஐந்து. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, நந்தி ஐந்து! ஒன்றின் ஐந்தாம் மூலம் எத்தனை? பள்ளிக்கூடத்தில் ஒன்றே ஒன்று. கலப்பெண்ணில் ஐந்து! ஐந்தையும் புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால் கச்சிதமான ஐங்கோணம். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம்!

ஒரு பீங்கான் தட்டின் விளிம்பை மட்டும் காட்டி, நடுவில் என்ன வரைந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வீர்களா? பகுமுறைச் சார்பு, அதாவது 'அனலிட்டிக் ஃபங்ஷன்', சொல்லும்! விளிம்பில் அதன் மதிப்பு தெரிந்தால் போதும், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் மதிப்பு கைக்கு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர் கோஷியின் வேலை இது! இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த வித்தையும் இதுதான்!

சாதாரணச் சார்பை ஒரு தடவை வகையிட முடிந்தால், இரண்டாம் தடவை முடியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கலப்பெண் சார்பில் ஒரு பகுதி முழுக்க ஒரு தடவை முடிந்தால், முடிவில்லாத தடவை முடியும்!

முழுத் தளத்திலும் பகுமுறையாக இருக்கும் ஒரு சார்பு, மாறிலியாக இல்லாவிட்டால், எத்தனை மதிப்புகளைத் தொடாமல் விடலாம்? அதிகபட்சம் ஒன்றே ஒன்று! 1879-இல் எமீல் பிக்கார்ட் நிரூபித்தது!

இனி நம்ம ஆள்! கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்குக் கோஷி தேற்றம் என்ற பெயரே தெரியாது, கலப்பெண் சார்பு என்றால் ஏதோ மங்கலாகத்தான் தெரியும். நான் சொல்லவில்லை, கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியே எழுதி வைத்திருக்கிறார்!

அப்படிப்பட்டவர் ஹார்டிக்குப் போட்ட 1913 பிப்ரவரி 27 கடிதத்தில் என்ன எழுதினார்? 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டினால், மைனஸ் பன்னிரண்டில் ஒன்று! இதைச் சொன்னால் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவீர்கள் என்றும் அவரே சேர்த்து எழுதினார். கணித மேதை ரீமானின் கலப்பெண் சார்பு கொடுக்கும் மதிப்பும் அதேதான்!

4-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 200-ஐ? 39,72,99,90,29,388 விதம்! மூன்று லட்சத்து 97 ஆயிரம் கோடிக்கும் மேலே! ராணுவத்தில் மேஜராக இருந்த மக்மஹோன் இதைக் கையாலேயே கணக்கிட்டார். ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டினால் போதும், அதே விடை. பிசகு வெறும் 0.004! சூத்திரத்தின் அஸ்திவாரம் எது தெரியுமா? ராமானுஜன் ஒரு காலத்தில் பெயரே கேள்விப்படாத அந்தக் கோஷியின் தேற்றம்!

விருத்தாசலத்தில் பஸ் ஏறி, சேத்தியாத்தோப்பு தாண்டினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய வி. கணபதி ஐயர், முழுத் தளத்திலும் பகுமுறையாக இருக்கும் முழுச் சார்புகளையெல்லாம் மொத்தமாக ஒரே வெளியாக வைத்து ஆராய்ந்தவர். 1948 கட்டுரை! அதே வளாகத்தில் இருந்த ஏ. நரசிங்க ராவை ஆசிரியராகக் கொண்டு 1933-இல் தொடங்கிய 'மேத்தமேடிக்ஸ் ஸ்டூடன்ட்' இதழ் இன்றைக்கும் வருகிறது!

காஞ்சிபுரத்து சி. எஸ். சேஷாத்ரி, வடஆற்காடு தண்டரை எம். எஸ். நரசிம்மன். இருவரும் 1932-இல் பிறந்தவர்கள், இருவரும் சென்னை லயோலாவில் பிரெஞ்சுப் பாதிரியார் ரசீனிடம் படித்தவர்கள். கலப்பெண் வடிவியலில் இருவரும் 1965-இல் சேர்ந்து நிரூபித்தது நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம். உலகமே அந்தப் பெயரில்தான் சொல்கிறது! சேஷாத்ரி கர்நாடக சங்கீதமும் பாடியவர். பிறந்த தேதி பிப்ரவரி 29!

முன்னே சொன்ன அந்தச் சார்பைப் பற்றி ரீமான் 1859-இல் போட்ட ஒரு புதிர் இன்னும் தீரவில்லை. தீர்த்தால் 10 லட்சம் டாலர்! மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இதற்கு யாராவது பிராது கட்டப் போனால் சொல்லுங்கள், சீட்டு வாங்கும் செலவு என்னுடையது!

கடைசியாக, நம்ம ஊர்ச் சரக்கு! விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வெள்ளை வெளேரென்று சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கேரியரைப் பார்த்திருப்பீர்கள். அதன் வழியாக ஓடும் வீட்டுக் கரண்ட், கலப்பெண் தளத்தில் ஒரு நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது! மாறுமின்னோட்டக் கணக்கைக் கலப்பெண்ணில் போட்டு 1893-இலேயே சிகாகோ மின்சார மாநாட்டுக்குக் கொடுத்தவர் ஸ்டைன்மெட்ஸ். மின்சாரத்தில் 'ஐ' என்றால் கரண்ட். அதனால் எஞ்சினியர்கள் கற்பனை எண்ணுக்கு 'ஜே' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்!

அடுத்த முறை ஃபியூஸ் போகும்போது கேரியரைக் கழற்றி நன்றாகப் பாருங்கள். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு! எண்தான் கற்பனை, ஷாக் நிஜம்!