இன்று காலை எடை என்ன?

இதயச் செயலிழப்புக்கான தனி கிளினிக்கில் நான் செவிலியர். நோயாளி வந்து உட்கார்ந்ததும் அன்றைய காலை எடையைத்தான் கேட்பேன். இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறையும்போது உடம்பில் நீர் தங்கும். கால் வீங்குவதற்கு முன்பே எடை ஏறத் தொடங்கிவிடும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே கூப்பிடுங்கள் என்பேன். மருத்துவர் நீர் மாத்திரையின் அளவை மாற்றுவார்.

அடுத்து சாப்பாட்டில் உப்பைப் பற்றிக் கேட்பேன். "ஊறுகாய் தொட்டுக்கத்தாம்மா" என்பார் ஒரு தாத்தா. அப்பளம், கருவாடு எல்லாம் விசாரிப்பேன். மூட்டுவலிக்குக் கடையில் தாங்களாகவே வாங்கிப் போடும் மாத்திரைதான் எனக்குப் பெரிய பயம். அவற்றில் பல, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் ஆபத்தானவை. அடிக்கடி பரிசோதித்து, இரண்டு வாரத்துக்குள் மருந்தை முழு அளவுக்கு உயர்த்தியபோது, இறப்போ மீண்டும் அட்மிட் ஆவதோ குறைந்ததை 2022-இல் ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு காட்டியது. அதனால் ஒரு வாரத்துக்குள் வரச் சொல்கிறோம். வராதவர்களுக்கு நானே போன் செய்வேன்.